ஆடும் தூளியில் அளந்த தூக்கம்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தூக்கத்தை அளக்கும் கருவிகள் மூன்றை ஒப்பிட்டு, எது துல்லியம், எது டுபாக்கூர், எதை நம்பி வாங்கலாம் என்று ஓர் இணையப் பத்திரிகைக்கு எழுதித்தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் கட்டும் பட்டை, விரலில் போடும் மோதிரம், மெத்தைக்கு அடியில் விரிக்கும் பாய். மூன்றையும் அனுப்பிவைத்தார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு எதற்கு எத்தனை என்று கடைசியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கட்டுரையின் முதல் வரி இது:

நல்ல உறக்கமே நலமான வாழ்வின் —

(இதற்கு மேல் போகவில்லை. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வரியை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். இப்படித்தான் ஆரம்பித்தேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.)

மூன்றையும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டு தூங்கினேன். விடிந்ததும் மூன்றும் மூன்று கதை சொல்லின. கதை சொல்வது என் பிழைப்பு. அதிலும் இயந்திரம் வந்து கைவைக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு, நெடுஞ்சாலையோரம் படுக்கத் தூளி கட்டிவிட்டுக் காபி விற்கும் லியூ அக்காவின் தூளிக் கடைக்குப் போய், பனிக்கட்டி போட்ட பால் காபி ஒன்று வாங்கிக்கொண்டு புலம்பினேன்.

“உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் லியூ அக்கா. “தூங்கி எழுந்தவனுக்குத் தெரியாதா, தூங்கினோமா இல்லையான்னு? அதைப் போய் மோதிரத்துக்கிட்ட கேட்டுக்கிட்டு.” பிறகு கோடியில் காலியாகத் தொங்கிய ஒரு தூளியைக் காட்டினார். “அங்க படுப்பானே ஒரு டிரைவர், அவன் கதைய எழுது. பாவம், ஒரு பட்டை வந்து அவனை ஸ்டியரிங்கை விட்டே இறக்கிடுச்சு.”

அந்த டிரைவரை நான் பார்த்ததில்லை. லியூ அக்கா சொன்னது பாதி, பஸ் நிலையத்தில் மற்ற டிரைவர்கள் வம்பாகச் சொன்னது கொஞ்சம், மிச்சம் என் கைச்சரக்கு. லுவான் என்ற பெயரும் நான் வைத்ததுதான். பத்திரிகை ஆசிரியர் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்:

லுவான் கண் விழித்துப் பார்த்தபோது, அவன் தூங்கவே இல்லை என்று மணிக்கட்டில் எழுதியிருந்தது.

இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன்மேல் சந்தேகம். வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கிற வாக்கியம் இது. லுவான் கண்ணடிக்கிற ஆள் இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

கா மாவ் நகரத்தின் எல்லையில், மழை மேகங்கள் மெல்ல —

வேண்டாம். மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். லுவான் நாட்டின் தென்கோடியில் இருக்கும் கா மாவிலிருந்து பெருநகரமான சைகோனுக்குப் படுக்கை பஸ் ஓட்டுகிறவன். பொழுது சாயும்போது பஸ் கிளம்பும். ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் சனம் நீட்டிப் படுத்துவிடும். பஸ் நிறையத் தூங்குகிறவர்கள், விழித்திருப்பவன் ஒருத்தன். அந்த ஒருத்தன் பகலில் தூங்கியிருக்க வேண்டும். இந்தக் கதையில் இதைவிட முக்கியமான விஷயம் எதுவும் இல்லை.

போன வருஷம் வேறொரு கம்பெனியின் பஸ் ஒன்று விடியற்காலையில் வாய்க்காலில் இறங்கியது. யாரும் சாகவில்லை. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று பேச்சு. உடனே லுவானின் கம்பெனி எல்லா டிரைவர்களுக்கும் ஆளுக்கொரு பட்டை கொடுத்தது. கிளம்புவதற்கு முன் பணிமனைக் கேட்டில் இருக்கும் பெட்டியில் பட்டையைக் காட்ட வேண்டும். பச்சை வந்தால் ஓட்டலாம். மஞ்சள் வந்தால் மேனேஜரைப் பார்க்க வேண்டும். சிவப்பு வந்தால் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. தொடர்ந்து சிவப்பு வந்தவர்கள் பார்சல் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கே கா மாவ் நண்டுப் பெட்டிகளை எடை போட்டு, கயிறு கட்டி, பஸ் வயிற்றில் ஏற்றும் வேலை.

லுவானுக்குச் சிவப்பைத் தவிர வேறு வரவில்லை. இத்தனைக்கும் அவன் தூக்க விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதவன். ஒருமுறை பாதி வழியில் கண் கனத்தபோது பஸ்ஸை ஓரங்கட்டி, “எனக்குத் தூக்கம் வருது, கொஞ்சம் படுத்துட்டு வரேன்” என்று பயணிகளிடமே சொல்லிவிட்டுப் படுத்தான். எல்லோரும் திட்டினார்கள். திட்டை வாங்கிக்கொண்டே தூங்கி எழுந்து ஓட்டினான். அப்படிப்பட்டவனைப் பார்த்துப் பட்டை சொல்கிறது, நீ தூங்கவில்லை என்று.

“தூங்கினேன்” என்றான் லுவான்.

“இல்லைங்குதே” என்றார் மேனேஜர் லாம், பெட்டியைக் காட்டி.

“தூங்கினது நான், சார். அது இல்லை.”

லாம் சிரித்தார். கேட்டில் நின்ற மற்ற டிரைவர்களும் சிரித்தார்கள். லுவானுக்குக் காது மடல் சூடேறிவிட்டது. அவனை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அவனும் சொல்லியிருப்பான். அவனுடைய தூக்கத்தைப் பற்றி அவனிடம் கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்தார்களே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

3

அவன் ஏன் வீட்டில் தூங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபின் ஒரு பெரிய ஒலிபெருக்கி வாங்கி, சாப்பாட்டு நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மைக்கில் பாடுகிறார். இந்த ஊரில் அதைக் கேட்க நாதியில்லை. கம்பெனியின் ஓய்வறையில் ஏசியும் இரும்புக் கட்டிலும் உண்டு. லுவான் பிறந்ததிலிருந்து தூளியில் படுத்தவன். கட்டிலில் படுத்தால் யாரோ தன்னை மேஜைமேல் எடுத்துவைத்த மாதிரி இருக்கிறது என்பான்.*

* இந்த உவமை அவனுடையது. நான் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

ஆகவே லியூ அக்காவின் கடை. நெடுஞ்சாலையோரம் தகரக் கூரை, அடியில் நீளமான இரும்புக் குழாய், குழாயில் வரிசையாக வலைத்தூளிகள். ஒரு காபி வாங்கினால் போதும், பொழுது சாயும்வரை படுத்துக் கிடக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். லுவான் கோடித் தூளியில் விழுந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, பெருவிரலால் தரையை உந்தி உந்தி ஆடுவான். ஆட ஆடக் கண் சொருகும். தூங்கிய பிறகும் அந்தப் பெருவிரல் அவ்வப்போது தரையைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கும்.

மனைவி தாவோவுக்கு இந்தப் பட்டை விவகாரம் வேடிக்கையாகப் போயிற்று. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், “பசிக்குதான்னு உன் பட்டையைக் கேட்டுச் சொல்லு, சோறு போடறேன்” என்பாள். அவன் முறைத்தால், “கோவமா? இரு, அதையும் கேட்டுடலாம்” என்று அவன் மணிக்கட்டைப் பிடிப்பாள். இப்படிக் கிண்டல் பண்ணியவள்தான், அவனைப் பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு லாமின் அறை வாசலில் போய் நின்று, “என் புருஷன் தூங்கறானா இல்லையான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று கத்தினாள். கேட்கவில்லைதான்.

நண்டுப் பெட்டிகளை எடை போட்டபடி லுவான் தினமும் பார்ப்பான். அவனுடைய பஸ் அவன் இல்லாமல் கிளம்பும். ஓட்டுவது பாவ். பாவ் எப்படி எப்போதும் பச்சையிலேயே இருக்கிறான் என்பது ஊரறிந்த ரகசியம்.

“மாமியார் கையில கட்டிடுவேன்டா” என்று பாவே சொன்னான். “மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா அவங்களுக்கு உலகமே தெரியாது. தொண்ணூத்து நாலு மார்க்கு!”

“நீ அப்ப என்ன பண்ணுவ?”

“சீட்டாடுவேன்.”

மாமியாரின் தூக்கத்தில் அவன் சைகோன்வரை ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியின் கணக்கில் அவன்தான் பத்திரமான டிரைவர்.

4

இந்த இடத்தில் யேன் வருகிறாள். கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் வேலை. பட்டைத் திட்டத்தை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

யேனின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவளைக் கெட்டவளாக எழுதினேன். உயரமான செருப்பு போட்டுக்கொண்டு, லுவானைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். எழுதுவது சுலபமாக இருந்தது, படித்தபோது சகிக்கவில்லை. அடுத்த வரைவில் நல்லவளாக எழுதினேன். அப்போது அவள் ஏன் ஒரு டிரைவருக்காகத் தன் திட்டத்தையே கேள்வி கேட்க வேண்டும் என்பது விளங்கவில்லை. கதையில் காரணமில்லாமல் நல்லவர்களாக இருப்பவர்களை நான் நம்புவதில்லை.

காரணம் அவளே கொண்டுவந்தாள். பார்சல் பிரிவில் லுவானைப் பார்க்க வந்தவள், தன் விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

“அண்ணே, நானும் ஒண்ணு போட்டிருக்கேன். போன வாரம் குழந்தைக்கு நெருப்பாக் காய்ச்சல். மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய அசையாம உட்கார்ந்திருந்தேன். அசைஞ்சா முழிச்சுக்குமே. காலையில இது என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அருமையான உறக்கம், இன்று நீங்கள் சாதிப்பீர்கள்’ங்குது. கழட்டி வீசிடலாம்னு வந்துச்சு.”

“வீசலையே?”

“விலை கொடுத்து வாங்கினதாச்சே.” சிரித்துவிட்டு, “எனக்குத் தூங்கினேன்னு சொல்லுது, உங்களுக்குத் தூங்கலைன்னு சொல்லுது. ஒருநாள் பகல்ல வந்து நீங்க தூங்கறதைப் பார்க்கட்டுமா?” என்றாள்.

லுவான் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “தங்கச்சி, நான் தூங்கறதை என் பொண்டாட்டியே பார்க்கறதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்துல வீட்டுல எங்க தூங்கறது. நீயாச்சும் பாரு.”

இப்போது எனக்குக் கருவிகள் தேவைப்பட்டன. என்னிடம்தான் மூன்று இருக்கின்றனவே. கதைக்குள் கடனாகக் கொடுத்தேன். (திரும்பி வந்தபோது பாயில் காபிக் கறை இருந்தது. ஆசிரியரிடம் இதை நான் சொல்லவில்லை.)

மறுநாள் நண்பகல். லுவானின் இடது கையில் பட்டை, வலது விரலில் மோதிரம். பாயை எங்கே விரிப்பது? தூளியில்தான். அது குழல்போலச் சுருண்டு அவன் முதுகுக்கடியில் மடங்கிக்கொண்டது.

“லியூ அக்கா, நான் தூங்கப் போறேனா, ஆபரேஷனுக்குப் போறேனா?”

“வாயை மூடிட்டுப் படுடா. பேசினா அதையும் கணக்குல எழுதிக்கும்.”

லியூ அக்கா எதிரே முக்காலி போட்டு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். யேன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லுவான் பெருவிரலால் உந்தினான். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது. பிறகு குறட்டை. சாலையில் மணல் லாரி போனபோதுகூட அது நிற்கவில்லை.

யேன் கையிலிருந்த போன் திரையைப் பார்த்தாள். பட்டை ‘விழிப்பு’ என்றது. தூளியைப் பார்த்தாள். அது ஒரு குலுங்கு குலுங்கியது. லுவான் அசையவில்லையே என்று பக்கத்தில் பார்த்தாள். அடுத்த தூளியில் நண்டுத் தரகர் ஒருவர் போனில் சண்டை போட்டபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருந்தார். அவர் ஒருமுறை புரண்டால் குழாய் அசைந்தது. குழாய் அசைந்தால் அந்த வரிசையில் இருந்த எல்லாத் தூளியும் அசைந்தது.

“அண்ணே, கொஞ்சம் அசையாம படுங்களேன்” என்றாள் யேன்.

“ஏன்மா, அங்க என் நண்டு சாகுது, நீ அசையாதேங்கற!” என்று அவர் இன்னும் ஓங்கிப் புரண்டார்.

லியூ அக்காவுக்கு அடக்க முடியவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நண்டுத் தரகரின் கவலையெல்லாம் இத்தனை நாளாக லுவானின் மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

லுவான் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன சொல்லுது?” என்றான்.

பட்டை: பெரும்பாலும் விழிப்பு, இடையில் சிறு நடை. மோதிரம்: ஆழ்ந்த உறக்கம், பாராட்டுகள். பாய்: படுக்கையில் ஆள் இல்லை.

“நீங்க என்ன சொல்றீங்க, அண்ணே?”

“தூங்கினேன். கனவுலகூட பஸ்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப எங்கடா தூங்கின?” என்றார் லியூ அக்கா.

5

ஆசிரியரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. ‘நட்சத்திரங்கள் எங்கே?’

தர மாட்டேன். ஏன் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்தக் கருவிகள் எதுவும் தூக்கத்தைப் பார்ப்பதில்லை. அசைவைப் பார்க்கின்றன, நாடித்துடிப்பைப் பார்க்கின்றன, பிறகு ஊகிக்கின்றன. பல சமயம் ஊகம் சரியாகவே இருக்கும். ஆடாமல் நிற்கும் கட்டிலில், இரவில், தனியாகப் படுக்கிறவர்களுக்குப் பழுதில்லாமல் உழைக்கும். காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்கும், ஆடும் தூளியில் பகலில் படுப்பவனுக்கும் அவை தயாராகவில்லை. அதில் கருவியின் தப்பு கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லாமல் பச்சை, சிவப்பு என்று அடித்துச் சொல்கிறதே, எனக்கு ஆத்திரம் அங்கேதான். ஊகத்துக்குத் தலைவணங்கி ஒருத்தனை நண்டு கட்ட அனுப்புகிறார்களே, அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கச் சொல்கிறார் ஆசிரியர்?

சரி, தனிக் கம்பத்தில் தூளி கட்டினால் தீர்ந்ததே என்கிறீர்கள். லியூ அக்காவும் அதைத்தான் செய்தார். கடைக்குப் பின்னால் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிக்கொடுத்தார். தரகரின் புரளல் நின்றது. ஆனால் லுவானின் பெருவிரல் நிற்குமா? ஆடாத தூளியில் அவனுக்குத் தூக்கம் வராது. ஆடுகிற தூளியில் வரும் தூக்கத்தைப் பட்டை தூக்கமாக ஒத்துக்கொள்ளாது. சிவப்பு கொஞ்சம் வெளுத்ததே தவிர, சிவப்பாகவே இருந்தது.

[இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. சைகோனில், தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை. அதில் தவறே வராது என்று யேன் அவனை அனுப்பினாள். இரவில், கட்டிலில் படுக்கவைத்தார்கள். வருஷக்கணக்காக இரவில் விழித்திருப்பவன் கட்டிலில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான். ‘இவர் சரியாகத் தூங்கவில்லை’ என்று அந்தத் துல்லியமான கருவி துல்லியமாகச் சொன்னது. அங்கிருந்த டெக்னீஷியனே, “இது இன்னிக்கு ராத்திரிய பத்தி மட்டும்தான் சொல்லும், அண்ணே. உங்க மத்தியானத்தைப் பத்தி இதுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லி அனுப்பினார். காட்சி நீளமாகப் போனது. கிழித்துவிட்டேன்.]

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கே லுவான்மேல் சந்தேகம் உண்டு. யேன் பார்த்தது ஒரு மத்தியானம். மற்ற நாட்களில்? லியூ அக்கா சாட்சி சொல்கிறார், ஆனால் அவருக்கு அவன்மேல் பாசம். அவனே சொல்கிறான், ஆனால் தூங்கவில்லை என்று சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும். பட்டை தவறு என்பதால் அவன் சரி என்று ஆகிவிடாதே. பஸ்ஸில் இரண்டு அடுக்கு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை மறைத்துவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். ஓட வேண்டாம், தடுக்கிக்கொண்டே போகட்டும்.

6

யேன் எல்லாவற்றையும் லாமிடம் சொன்னாள். மோதிரம், பாய், தரகர், தென்னை, ஆஸ்பத்திரி.

“பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு” என்றார் லாம். “நடுவுல நீ ஏம்மா கதை சொல்ற?”

“பட்டை தப்பு சார். நான்தான் எழுதிக் கொடுத்தேன், நானே சொல்றேன்.”

“தப்புன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க? என்னைய. பட்டை இருந்தா பட்டையைக் கேப்பாங்க.”

லாமைக் கெட்டவராக எழுத நான் மெனக்கெடவே இல்லை. அவரே பேசிக்கொண்டார்.

அப்படியே தேத் புத்தாண்டு வந்து போனது. புத்தாண்டுக்கு ஊருக்கு வந்த சனம் முழுவதும் ஒரே சமயத்தில் சைகோனுக்குத் திரும்ப வேண்டும். கூடுதல் பஸ்கள் போட்டும் போதவில்லை. டிரைவர்களுக்குப் பஞ்சம். பார்சல் பிரிவுக்கு லாமே நடந்து வந்தார். லுவானுக்கு அவர் சிகரெட் நீட்டியது அதுதான் முதல்முறை.

“இன்னிக்குச் சாயங்காலம் ஓட்டறியா?”

லுவான் கயிற்றைக் கீழே போட்டான். “சிவப்பு வரும், சார்.”

“பாவோட மாமியார் சும்மாதானே இருக்காங்க? உன் பட்டையை அவங்க கையில கட்டிட்டு வாங்கிட்டு வா.”

இத்தனை நாளும் இவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பாவின் பச்சை பொய் என்று தெரியும். அவனுடைய சிவப்பு பொய் என்றும் தெரிந்திருக்கலாம். இருந்தும் அவனை நண்டுக்கு அனுப்பிவிட்டு அமைதியாக இருந்திருக்கிறார். ஸ்டியரிங் அவன் கண்முன் வந்து நின்றது. கை அரித்தது. பொய்யாக ஒரு பச்சை வாங்கிவந்தால் போதும்.

“மத்தவங்க தூக்கத்துல நான் ஓட்ட மாட்டேன்” என்றான். “என் பட்டையோட, என் சிவப்போட ஓட்டறேன். இஷ்டம்னா சொல்லுங்க.”

லாம் தலையைச் சொறிந்தார். வாசலில் சனம் மூட்டை முடிச்சோடு நெருக்கிக்கொண்டு நின்றது. “சரி, கேட்டைத் திறந்துவிடச் சொல்றேன். வாயை மட்டும் மூடிக்கிட்டு ஓட்டு.”

“மூட மாட்டேன், சார். ஏறினவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வண்டிய எடுப்பேன்.”

“பைத்தியமாடா உனக்கு? சொல்லி ஒருத்தன் இறங்கினாலும் போச்சு. அப்புறம் உனக்கு ஆயுசுக்கும் நண்டுப் பெட்டிதான். ஸ்டியரிங்கை மறந்துடு.”

“சரி” என்றான் லுவான்.

7

லியூ அக்காவின் கடையில் அன்று அவன் படுத்தான். தென்னைக்கு நடுவே, பெருவிரல் தரையில். அவன் தூங்கினானா? அந்தப் பக்கத்தை எழுதிவைத்திருக்கிறேன். இங்கே சேர்க்கப் போவதில்லை.

பொழுது சாயும்போது பஸ் நிரம்பிவிட்டது. வாழையிலையில் கட்டிய தேத் பலகாரம், ஸ்டைரோஃபோம் பெட்டியில் நண்டு, கழற்றிய செருப்பு, அழுகிற குழந்தை, போனில் தாயிடம் விடைபெறும் இளம்பெண். கேட்டில் பெட்டி சிவப்பைக் காட்டியது. கேட் திறந்தது. வெளியே லாம், யேன், லியூ அக்கா மூவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். தாவோ சோற்றுப் பொட்டலத்தோடு வந்தவள், பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

லுவான் டிரைவர் இருக்கையில் உட்காரவில்லை. நடைபாதையில் நின்று இரண்டு அடுக்கையும் பார்த்தான். கையை உயர்த்திப் பட்டையைக் காட்டினான்.

“அண்ணன்மார், அக்காமார், ஒரு நிமிஷம். இது நான் இன்னிக்குத் தூங்கலைன்னு சொல்லுது. நான் தூங்கினேன்னு சொல்றேன். ரெண்டுல எதை நம்பறதுன்னு நீங்கதான் சொல்லணும், உங்க உசுரு. வழியில எனக்குத் தூக்கம் வந்தா நிறுத்திடுவேன், நீங்க திட்டினாலும் நிறுத்துவேன். இது பிடிக்காதவங்க இப்பவே இறங்கிடுங்க. அடுத்த வண்டி பாவோடது. அவனுக்குப் பச்சை.”

யாரோ சிரித்தார்கள். யாரோ, “கிளப்புய்யா, நேரமாகுது” என்றார்கள். நடுவில் ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்து அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி படுத்துக்கொண்டார்.

8

இங்கே முடிவு வர வேண்டும்.

யாரும் இறங்காமல், எல்லோரும் கைதட்டி, லாம் தலைகுனிந்து நிற்கும் முடிவு ஒன்று எழுதினேன். கைதட்டல் சத்தத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. வழியில் பஸ் கவிழும் முடிவும் உண்டு. அதை எழுதுவது ரொம்பச் சுலபம், அதனாலேயே எழுதக்கூடாது. ஒரு கதாபாத்திரத்தை வெல்லவைக்கத் தெரியாதபோது சாகவைப்பது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். பாவின் பஸ் கவிழும் முடிவை யோசித்தேன், மனசு ஆசைப்பட்டது. ஆனால் அந்தப் பஸ்ஸிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்களே. லுவான் வேலையை உதறிவிட்டு ஒரு தூளிக் கடை வைத்துச் சுகமாக இருக்கிறான் என்று முடிக்கலாம் என்றார் லியூ அக்கா. “எனக்குப் போட்டியாவா?” என்று அவரே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆசிரியர் மறுபடி கேட்கிறார். எது துல்லியம் என்று ஒரே வரியிலாவது சொல்லிவிடச் சொல்கிறார். சொல்ல மாட்டேன். லுவான் அன்று தூங்கினானா என்று நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். அவனை உண்டாக்கியவன் நான், எனக்குத் தெரியும். நான் சொல்லிவிட்டால் நீங்கள் என்னையும் ஒரு பட்டையாக்கி, அதில் வரும் நிறத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுவீர்கள். அவன் நின்று பேசியது என்னிடம் இல்லை.

நீங்கள் மேல் அடுக்கில், ஜன்னலோரப் படுக்கையில் இருக்கிறீர்கள். செருப்புப் பை தலைமாட்டில். நாளைக்குச் சைகோனில் வேலைக்குப் போயாக வேண்டும். பக்கத்துப் படுக்கையில் அந்த இளம்பெண் போனை வைத்துவிட்டு உங்களைப் பார்க்கிறாள், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துத் தானும் செய்ய. ஜன்னலுக்கு வெளியே தாவோவும் பார்க்கிறாள். நீங்கள் ஒருவர் இறங்கினாலும் லுவானுக்கு ஆயுசுக்கும் நண்டுப் பெட்டிதான். இறங்காவிட்டால் இந்த இரவு முழுவதும் உங்கள் உயிர் அவன் கையில்.

லுவான் இன்னும் நடைபாதையில்தான் நிற்கிறான். கண்டக்டர் கதவுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்:

“கதவைச் சாத்திடலாமா?”